கைத்தாங்கல்

தெரிந்தே ஒரு பிள்ளையிடம் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை காலை, மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையில், மற்றப் பதின்மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கையில் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

அதைச் சொல்வதற்கு முன்னால் கட்டைகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

என் பெயர் தமயந்தி. மெக்கானிக்கல் படித்தவள். கோயம்புத்தூரில் விளையாட்டுச் சாமான் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். எங்கள் சரக்கின் பெயர் மின்னி. பெட்டியைத் திறந்தால் இருநூற்று நாற்பது வண்ணக் கட்டைகள், ஆறு குட்டி மோட்டார்கள், பல்சக்கரங்கள், அச்சுகள், எல்லாவற்றையும் தாங்க ஒரு கனத்த அடிக்கட்டை. பிள்ளைகள் இவற்றைக் கோத்து நடக்கிற ரோபோ, தூக்குகிற ரோபோ, பந்து எறிகிற ரோபோ என்று எதையாவது செய்வார்கள். 'விளையாடிக்கொண்டே இயந்திரவியல்' என்று பெட்டியின் மேல் போட்டிருந்தோம்.

சந்தையில் இதுபோலப் பத்து வகை உண்டு. எங்களுடையதில் ஒரு விசேஷம் இருந்தது. ஒவ்வொரு கட்டைக்குள்ளும் ஒரு மெல்லிய உணர்வி, ஒரு சின்னப் பூட்டு. பிள்ளை கட்டுவது சரியப்போகிறது என்று அடிக்கட்டை கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால், மூட்டுகளை இறுக்கிக்கொள்ளும். தானும் மேசையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மோட்டாருக்கு இழுக்கப் பலம் போதாவிட்டால் ரகசியமாகக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இதற்கு நாங்கள் அலுவலகத்துக்குள் வைத்திருந்த பெயர் கைத்தாங்கல். யோசனை என்னுடையது. ஐந்து வயதுப் பிள்ளை கட்டுகிற முதல் ரோபோவே பொலபொலவென்று உதிர்ந்தால் அது திரும்பக் கட்டாது. அதனால் முதல் பத்து ரோபோக்களுக்கு முழுத் தாங்கல். பிறகு படிப்படியாகக் குறைந்து, இருபத்தைந்தாவது ரோபோவில் பூஜ்யம். அந்தக் குறைப்புப் பட்டியலை மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினேன்.

விற்பனைக்கு வந்து ஒரு வருடத்தில் எங்கள் தலைவர் ஹரிஷங்கர் என்னைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

"பதினோராவது ரோபோவுல கோடு அப்படியே கீழ விழுது பாருங்க தமயந்தி. அதுக்கப்புறம் பாதிப் பிள்ளைங்க பெட்டியத் தொடறதே இல்ல. ஏன்?"

"அங்கதான் சார் தாங்கல் குறைய ஆரம்பிக்குது. கட்டினது விழும். ஏன் விழுந்துச்சுன்னு யோசிக்கும்."

"யோசிக்கல. அலமாரில தூக்கி வெச்சுருது. குறைக்கவே வேணாம். நூறுலயே நிக்கட்டும்."

"அப்ப என்ன கத்துக்கும்?"

"தன்னால முடியும்னு கத்துக்கும். அது போதாதா? நடக்கப் பழகற குழந்தைய விழட்டும்னு கைய எடுத்துருவீங்களா நீங்க?"

ஒரு நாள் கையை எடுக்கத்தானே வேண்டும் என்று நான் பதில் சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போதுதான் தோன்றியது. மறுநாள் காலை ஒரு எண்ணை மாற்றினேன். மூன்று மாத வேலை, ஒரு வரி.

அந்த உறுத்தல்தான் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டது என்று நினைக்கிறேன். நிறுவனம் பத்து மின்னிப் பெட்டிகளை ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்தது. சனிக்கிழமைதோறும் போய்ச் சொல்லிக்கொடுக்க நான் முன்வந்தேன். கட்டை கற்றுக்கொடுக்காததை நான் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. நெம்புகோல், கப்பி, பல்சக்கரம், சாய்தளம் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அப்புறம் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டுவார்கள். எப்படிக் கட்டினாலும் நிற்கும். கரும்பலகையை யார் பார்ப்பார்கள்?

ஒருத்தி பார்த்தாள். பெயர் நிவிதா. ஆறாம் வகுப்பு. அவள் அப்பா சென்னியப்பன் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒற்றை லேத் வைத்து பம்ப்செட் பாகங்கள் கடைந்து கொடுப்பவர். நிவிதாவின் நகக்கண்களில் எப்போதும் கிரீஸ் இருக்கும். மற்றவர்கள் யானை, டைனோசர் என்று கட்டும்போது இவள் கிரேன்தான் கட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், ஒரு சந்தேகமுங்க. எதிர்எடை எதுக்குங்க வெக்கறோம்?"

"முன்னால தொங்கற கனம் கிரேனைச் சாய்க்கப் பாக்கும். பின்னால ஒரு கனம் வெச்சா அது இழுத்துப் பிடிச்சுக்கும். போன வாரம் படம் போட்டேனே."

"எடுத்துட்டாலும் சாயலீங்களே."

நோட்டைக் காட்டினாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள். கிரேன் கையின் நீளம், தூக்கிய பொருள், எதிர்எடை எத்தனை கட்டை, விழுந்ததா. ஐந்து வரிசை. அழிரப்பர், ஜியாமெட்ரி பாக்ஸ், இரண்டு புத்தகம் என்று பொருள்கள் மாறிக்கொண்டே போயின. எதிர்எடை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். கடைசிக் கட்டத்தில் ஐந்து தடவையும் 'இல்லை'.

பதினொரு வயதில் இப்படிச் சோதித்துப் பார்க்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அவளாகச் செய்தாள். கண்ணால் கண்டதை அப்படியே எழுதினாள்.

பிள்ளைகள் எல்லோரும் கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் ஒன்று அலுவலகத்தில் இருந்தது, வாஸ்தவம். ஆனால் அந்த நிமிஷத்தில் அது நினைவுக்கே வரவில்லை. உங்கள் யானையும் டைனோசரும் நின்றது உங்களால் அல்ல என்று சொன்னால் அந்த முகங்கள் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன்.

"கட்டையெல்லாம் எடை கம்மி நிவிதா. அதனால வித்தியாசம் தெரியல."

இதுதான் அந்தப் பொய்.

"அப்பக் கனமாத் தூக்கிப் பாக்கட்டுங்களா?"

தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தாள். ஒரு லிட்டர், நிறைய. கிரேனின் கையை முழு நீளத்துக்கு நீட்டி, பின்னால் ஒரு கட்டைகூட இல்லாமல், பாட்டிலைத் தொங்கவிட்டாள். கிரேன் அசையாமல் நின்றது. அடிக்கட்டை மேசையை உறிஞ்சுகிற மெல்லிய ரீங்காரம் எனக்கு மட்டும் கேட்டது.

"நிக்குதுங்க மிஸ்."

"ம். நிக்குது."

அவள் உட்கார்ந்து எழுதினாள். 'முடிவு: எதிர்எடை தேவையில்லை.' நோட்டை நீட்டினாள். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டேன்.

மாவட்டக் கண்காட்சியில் அவளுடைய நீளக்கழுத்துக் கிரேனுக்கு முதல் பரிசு கிடைத்தது. நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "எப்படி இது நிக்குது?" என்று கேட்டுச் சிரித்தார். சென்னியப்பன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பினார்.

"நான் எட்டாவதுதானுங்க மேடம். இருபத்திரண்டு வருசமா இரும்போட கெடக்கறேன். எம் புள்ளை எனக்கே பாடம் எடுக்குதுங்க. எல்லாம் உங்களாலதான்."

நான் சிரித்தேன் என்றுதான் நினைவு.

அதற்கு மூன்று வாரம் கழித்து வகுப்புக்கு நிவிதா வரவில்லை. அவளுடன் உட்காரும் ஆயிஷாவிடம் கேட்டேன்.

"அவ வரமாட்டா மிஸ். அவங்கப்பாவுக்குக் கை நசுங்கிருச்சு. மூணு விரல் எடுத்துட்டாங்களாம். இவ செஞ்ச கிரேன்தான் மிஸ் சாஞ்சுருச்சு. நெசக் கிரேன்."

மீதி விவரத்தைப் பிறகு நிவிதாவின் அம்மா வசந்தாமணியிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் இருந்த சங்கிலிக் கப்பி பழுதுக்குப் போயிருந்தது. எண்பது கிலோ எடையுள்ள பம்ப் வார்ப்பு ஒன்றை லேத்தில் ஏற்ற வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் சென்னியப்பன் பக்கத்துப் பட்டறையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிடுவார். அன்றைக்கு விடுமுறை. நிவிதா, "நான் கிரேன் செஞ்சு தரேன்ப்பா" என்றிருக்கிறாள். இரும்பு மேசை ஒன்று, அதன் மேல் ஒரு நீளக் குழாய், ஓரத்தில், கைப்பிடியைச் சுற்றினால் பாரத்தை மேலே இழுக்கும் கம்பிச் சுருள். போல்ட்டெல்லாம் அவளே முடுக்கினாள். குழாயின் முனை லேத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நீண்டிருந்தது. பின்னால் ஒன்றும் வைக்கவில்லை. வார்ப்பு தரையை விட்டு எழுந்ததும் மேசை முன்பக்கமாகச் சாய்ந்து, குழாய்க்கும் லேத்துக்கும் நடுவில் அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது.

ஆயிஷா சொன்ன அன்று மதியமே ஹரிஷங்கரைப் பார்த்தேன். தெரிந்தவரை எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை; கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"விழுந்தது நம்ம கட்டையா?"

"இல்ல சார். இரும்பு."

"அப்ப இது விபத்து. பாவம்தான். ஆனா நம்ம மேல வராது."

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதை இன்று வரை நான் மன்னித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சென்னியப்பன் வலது கையைத் தலையணை மேல் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி டீ கொடுத்தாள்.

"அதே நெனப்பாக் கெடக்கறா மிஸ்ஸுங்க. சோறு திங்கச் சொன்னாத் திங்கறா, பேச மாட்டேங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா."

நிவிதா உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். பரிசாகக் கிடைத்த மின்னிப் பெட்டி ஒரு சாக்கில் கட்டப்பட்டு மூலையில் கிடந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை எனக்கு மட்டும்தான் தெரியும். "எல்லாம் சரியாயிடும் கண்ணு" என்றேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, அலுவலகத்தில் என் மேசையிலிருந்து இணையம் வழியாக எல்லா மின்னிகளுக்கும் ஒரு மாற்றத்தை அனுப்பினேன். அதற்கான அனுமதி அப்போதும் என்னிடம் இருந்தது. நூறு என்று இருந்த இடத்தில் பூஜ்யம். மெல்ல மெல்லக் குறைக்கிற பட்டியல் என் கணினியிலேயே இருந்தது. அதைப் போட்டிருக்க வேண்டும். என் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில் எனக்குப் பொறுமையில்லை. யாரோ பெற்ற பிள்ளைகள் மேல் அதைக் காட்டினேன்.

நாற்பத்தோராயிரம் வீடுகள். மதியத்துக்குள் படங்கள் வர ஆரம்பித்தன. சரிந்த யானைகள், கழுத்து முறிந்த கிரேன்கள், நாலு கால்களும் நாலு திசைக்குப் போன நாய்கள். ஒரு வீடியோவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் உதிர்ந்த ரோபோவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படம் எடுக்கிற அம்மாவிடம் அழாமல் சொன்னான்: "நான்தான் தப்பா பண்ணிட்டேன்மா." அதை நான் மூன்று தடவை பார்த்தேன்.

"என்ன பண்ணிட்டீங்க தமயந்தி?" என்றார் ஹரிஷங்கர். சத்தம்கூடப் போடவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். வெளியே வந்ததும், கைத்தாங்கல் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, யார் எழுதியது என்பதை என் பெயர் போட்டு எல்லோரும் படிக்கும்படி எழுதி வெளியிட்டேன். ஊரே கொதிக்கும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கொதித்தது. பிறகு எனக்குப் போன்கள் வந்தன, பெற்றவர்களிடமிருந்து. திட்டினார்கள். நிறுவனத்தை அல்ல. ஒரு தாய் நிதானமாகவே கேட்டார்: "ஸ்கூல்லயும் அவனுக்கு அழுகைதாங்க. விளையாட்டுலயாவது ஜெயிச்சுட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன கஷ்டம்?" இரண்டு மாதத்தில் புதுப் பெட்டி கடைக்கு வந்தது. இதுவரை ஒளித்து வைத்திருந்ததை இப்போது மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'விழவே விழாத மின்னி'. முன்பைவிட நன்றாக விற்றது.

அதன் பிறகுதான் இரண்டாவது முறை அந்த வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு பெட்டி. தாங்கலை நானே போடவும் அணைக்கவும் முடிகிற பழைய சோதனைப் பெட்டி. நிவிதாவைக் கூடத்தில் உட்காரவைத்தேன். கட்டச் சொன்னபோது அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். நானே கட்டினேன். நீளக் கை, எதிர்எடை இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டேன். கிரேன் மூக்குக் குப்புற விழுந்தது.

"இப்பப் பாரு" என்று தாங்கலைப் போட்டேன். அதே கிரேன், அதே பழம். நின்றது. அணைத்தேன். விழுந்தது.

நிவிதா குனிந்து அடிக்கட்டையில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள ஏதோ ஓடுதுங்க மிஸ்."

"ஆமா. அது மேசையப் பிடிச்சுக்குது. நீ எப்படிக் கட்டினாலும் விழாம அது பாத்துக்கும். அப்படி வெச்சது நான்தான்."

"அப்ப அன்னிக்கு நான் எழுதுனது?"

"நீ பாத்தது சரி. பாத்ததை எழுதுனதும் சரி. நான் சொன்னதுதான் பொய். தெரிஞ்சேதான் சொன்னேன். உங்கப்பாவோட கைக்குக் காரணம் நான். நீ இல்ல."

இந்த வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அழுவாள், அல்லது என்மேல் எதையாவது தூக்கி எறிவாள் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் விழுந்து கிடந்த கிரேனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க மிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

கொட்டகை வாசலில் சென்னியப்பன் நின்றிருந்தார். இடது கையால் என்னை வரச்சொல்லிச் சைகை காட்டினார். உள்ளே லேத்தின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு தையல் மெஷின், அது வசந்தாமணிக்கு. அவர் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

"நீங்க பேசுனதெல்லாம் கேட்டனுங்க மேடம்."

"என்னை மன்னிக்கணும்னு நான் கேக்க வரல..."

"அதில்லீங்க. நீங்க அவகிட்டச் சொன்னது நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டுமுங்க."

"எப்படியே?"

"கட்டையாலதான்னு. மிஸ்ஸாலதான்னு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குப் புரியவில்லை. அவர் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துவிட்டார். திரும்பவும் இழுத்துவிட்டார்.

"அந்தக் கிரேன் நிக்காதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பாத்த ஒடனே தெரிஞ்சுதுங்க. பின்னால கனமே இல்ல. முன்னால இவ்வளவு நீளம். இரும்போட பொழைக்கறவனுக்கு இது தெரியாதுங்களா? எண்பது கிலோ. சாயும்னு நல்லாத் தெரியும்."

"பின்ன ஏனுங்க..."

"பிரைஸ் வாங்குன புள்ளைங்க. காலைல இருந்து ஒத்தையா நின்னு முடுக்கிருக்கா. 'அப்பா, வந்து பாருப்பா'ன்னு மூஞ்சி பூரா வேர்வையோட நிக்கறா. தப்பா இருக்கு அம்மிணின்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. சாயறப்ப அடில ஒரு கை குடுத்தா நின்னுக்கும், மெதுவா லேத்துல எறக்கிரலாம், அவளுக்குத் தெரியவா போகுதுன்னு நெனச்சேன்." விரல் போன கையைப் பார்த்தார். "கையக் குடுத்தேன். நின்னுச்சுங்க கொஞ்சம்."

வெளியே யாரோ சைக்கிளில் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார். வாசல் பக்கம் நிவிதா இல்லை என்று சென்னியப்பன் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மேடம். தெரிஞ்சும் அப்பன் தன்னை ஏமாத்துனான்னு நெனச்சுக்குவா. இனி அவ எது செஞ்சாலும், நல்லா இருக்குன்னு நான் சொன்னா, நம்புவாளுங்களா?"

சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போல. முகம் லேசாகியது.

"மிஸ்ஸை பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுட்டு வா அம்மிணி" என்று குரல் கொடுத்தார்.

தெருவில் நிவிதா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தருகிறாயா என்றதற்குத் தலையை அசைத்து மறுத்துவிட்டாள். நிறுத்தத்தில் யாரும் இல்லை. அந்தத் தடத்தில் புதிதாக விட்டிருந்த, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்து வர இன்னும் ஆறு நிமிஷம் என்று பலகை காட்டியது. பெட்டியை பெஞ்சில் வைத்தாள்.

"அப்பா என்னங்க சொன்னாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நீங்க கட்டையப் பத்திச் சொன்னதெல்லாம் சரிங்க மிஸ். எனக்குப் புரியுது. ஆனா அன்னிக்கு நடந்தது அதில்லீங்க."

"எது?"

"நான் பின்னால நின்னு கைப்பிடியச் சுத்திட்டிருந்தேன். வார்ப்பு இன்னும் தரைல பாதி உக்காந்துட்டுதான் இருந்துச்சு. மேசையோட பின்னங்கால் எழும்புச்சுங்க. இவ்வளவு." கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அரிசி அளவுக்குப் பிரித்துக் காட்டினாள். "ஐயோ, சாயுதுன்னு நெனச்சேன். அப்ப அப்பா குழாய்க்கு அடில கையக் குடுத்தாரு. கால் மறுபடி தரைல உக்காந்துச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். அப்பா என்னைப் பாக்கல. நான் அவர் கையப் பாத்தேன். அவர் புடிச்சதாலதான் நிக்குதுன்னு தெரிஞ்சுது." அவள் குரல் மாறவேயில்லை, அன்றைக்கு நோட்டைப் படித்துக் காட்டிய மாதிரியே சொன்னாள். "கைய எடுப்பான்னு சொல்லிருக்கணும். நின்னுரும் போல இருந்துச்சுங்க மிஸ். நின்னுருச்சுன்னா நல்லாருக்கும்னு இருந்துச்சு. அதனால நான் இன்னும் ரெண்டு சுத்து சுத்துனேன். அப்பத்தான் வார்ப்பு முழுசா மேல வந்துச்சு."

உதடுகளை இறுக்கிக்கொண்டு சாலையின் எதிர்ப்புறத்தைப் பார்த்தாள்.

அது உன் தப்பு இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான வார்த்தை. சொன்னால் அவள் நம்பக்கூடும். மூன்று மாதமாக அவள் ஒற்றையாகச் சுமந்து வந்ததை நான் கேட்டு முடித்த அதே நிமிஷத்தில் மூடிவைத்துவிடலாம். சொல்லாமல் இருக்க என் கையை நானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இதை அப்பாகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

"உங்கப்பாவுக்கும் உன்கிட்டச் சொல்ல ஒண்ணு இருக்கு. என்னன்னு நான் சொல்ல மாட்டேன். நீ முதல்ல உன்னோடதைச் சொல்லு. அவர் சொல்லுவாரு."

"திட்டுவாருங்களா?"

"எனக்குத் தெரியல நிவிதா."

அவள் என் முகத்தையே பார்த்தாள், நான் இந்தத் தடவையாவது நிஜத்தைச் சொல்கிறேனா என்று பார்ப்பதுபோல. பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது.

"நீங்களும் கூட வர்றீங்களா மிஸ்?"

வருகிறேன் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது.

"இல்லம்மா. நீ போ."

நான் ஏறவில்லை என்றதும் பேருந்து கதவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டது. நிவிதா திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள். பாதி தூரத்தில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன், கைகூட அசைக்கவில்லை. பிறகு அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.